திருவோண விருந்தை இலைக்கணக்கில் வாங்குவது கொடுக்கும் விலைக்குத் தகுமா?

வடசேரி மருமகள்:

திருவோணத்து இலைச் சாப்பாட்டை வீட்டில் சமைப்பதா, இலைக்கு இவ்வளவு என்று விலை பேசி வாங்குவதா என்பதை இந்த ஆண்டு முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் சென்னையில் வாழும் நாகர்கோவில் குடும்பம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்துவிட்டாலும், திருவிதாங்கூர்க் காலத்துப் பழக்கமாகத் திருவோணமும் அதன் விருந்தும் எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் இன்றும் விட்டுப்போகவில்லை. வீட்டில் உண்பவர்கள் ஐந்து பேர். சமைப்பவர்கள் நானும் என் மாமியாரும்.

எங்கள் பகுதியில் கேட்டரிங் நடத்தும் ஒருவர் 24 வகைகளுடன் ஓர் இலைக்கு 600 ரூபாய் சொல்கிறார். ஐந்து இலைக்கு 3,000 ரூபாய், அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 150 ரூபாய், வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதற்கு 150 ரூபாய், ஆக மொத்தம் 3,300 ரூபாய். 2025இல் தேங்காயும் தேங்காய் எண்ணெயும் விலையேறியதற்குப் பிறகு வீட்டுச் சமையலையும் மலிவு என்று சொல்வதற்கில்லை. காய்கறி, தேங்காய், எண்ணெய், பால், வெல்லம், பாயசத்துக்குப் போடும் அரிசி அடை, ஏத்தங்காய் (நேந்திரங்காய்), நெய், வாழையிலை எல்லாவற்றையும் சேர்த்தால் 2,000 ரூபாய்க்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த 1,300 ரூபாய்க்கு ஈடாக எனக்கு எது கிடைக்கிறது, எது கைவிட்டுப் போகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தோவாளைக்காரன்:

என் கருத்தில் தகாது. ‘காணம் விற்றாவது ஓணம் உண்ண வேண்டும்’ என்று திருவிதாங்கூர்ப் பக்கத்தில் சொல்வார்கள். இருக்கிற நிலத்தை விற்றாவது அந்த ஒரு நாள் குறைவில்லாமல் உண்ண வேண்டும் என்று நினைத்தவர்கள்கூட, அந்த உணவை வெளியிலிருந்து வாங்கலாம் என்று கருதியதாகத் தெரியவில்லை. தேங்காய் துருவும் ஓசையும், உப்பேரி என்னும் ஏத்தங்காய் வறுவல் பொரியும் மணமும், சிறுவர்கள் இலை துடைத்துப் போடுவதும் இல்லாத வீட்டில் டப்பாக்களைத் திறந்து வைத்து உண்பதை விருந்து என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணம் இருக்கிறது என்பதற்காக வாங்கத் தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு எரிசேரிக் கூட்டுக்குத் தேங்காயை எந்த நிறத்தில் வறுக்க வேண்டும் என்பதே தெரியாமல் போகும்.

மணிமேடை:

தோவாளை அண்ணாச்சியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வடசேரி அக்கா எழுதிய 2,000 ரூபாயில் உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடச் சேர்க்கப்படவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. முந்தின நாளான உத்திராடத்தன்று மாலை காய்கறி வாங்கி வந்து, இஞ்சிக்கறியும் உப்பேரியும் அன்றிரவே முடித்து, மறுநாள் விடியுமுன் எழுந்து நண்பகல் வரை அடுக்களையில் நின்றால், இரண்டு பெண்களின் உழைப்பு குறைந்தது 16 மணி நேரமாவது ஆகும். 1,300 ரூபாயை அந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 81 ரூபாய்தான் வருகிறது. ஒரு பெண்ணின் விடுமுறை நாளுக்கு அந்த விலைதான் என்று நாம் முடிவு செய்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் போட வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேங்காய் துருவும் ஓசையை விரும்புகிறவரும் தேங்காய் துருவுகிறவரும் பெரும்பாலான வீடுகளில் ஒருவராக இருப்பதில்லை. வாங்குவதா, சமைப்பதா என்று முடிவு செய்யும் உரிமை சமைப்பவர்களுக்கே முதலில் இருக்க வேண்டும். அண்ணாச்சி வீட்டில் அவரே துருவுகிறார் என்றால் அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன்.

தோவாளைக்காரன்:

அந்தக் கேள்வி நியாயமானது, தங்கச்சி. எங்கள் வீட்டில் தேங்காய் உடைப்பதும் துருவுவதும், சேனையும் தடியங்காயும் (சாம்பல் பூசணி) நறுக்குவதும், உப்பேரி பொரிப்பதும் என் பொறுப்பு. மற்றவை என் மனைவியின் பொறுப்பு. உழைப்பைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாத வீட்டின் நிலை வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் முடிவில் மாற்றமில்லை.

ஆக்குப்புரை:

என் தாத்தா நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளில் சமைத்த தவசிப்பிள்ளை. நான் சிறு வயதில் அவரோடு ஆக்குப்புரைகளில் (சமையல் கொட்டகைகளில்) நின்றவன், இப்போது வேறு தொழில் செய்கிறேன் என்றாலும் ஓணக்காலத்தில் நண்பர்களின் கேட்டரிங்கில் உதவிக்குப் போவதுண்டு. அதனால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், மொத்தமாகச் சமைக்கும்போது உணவுக்கு உள்ளபடியே என்ன நேர்கிறது என்பதை எழுத விரும்புகிறேன்.

சில உணவுகள் பெரிய பாத்திரத்தில்தான் நன்றாக வரும். அடை போட்ட பாயசமான அடைப் பிரதமனை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லப்பாகில் அடை ஊறி, தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் மெதுவாகக் குறுக வேண்டும்; தலைப்பால் (முதலில் பிழிந்த கெட்டிப் பால்) சேர்த்த பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும் என்பதால் உடனே இறக்க வேண்டும். வார்ப்பு என்னும் கனமான வெண்கலப் பாத்திரத்தில் பத்துப் பதினைந்து லிட்டர் ஒன்றாகக் கிடக்கும்போது சூடு சீராகப் பரவி, அடி பிடிக்காமல், வெல்லமும் பாலும் ஒன்றோடொன்று சேர நேரம் கிடைக்கிறது. வீட்டுக் குக்கரின் மெல்லிய அடிப்பாகத்தில் ஒரு லிட்டர் பிரதமன் செய்பவர் அதே ருசியைப் பெற இரண்டு மடங்கு கவனம் செலுத்த வேண்டும். பாலை மணிக்கணக்கில் குறுக்க வேண்டிய பாலடைப் பிரதமனுக்கும் இது பொருந்தும். இஞ்சிக்கறி ஓரிரு நாள் இருந்தால்தான் புளியும் வெல்லமும் இஞ்சியும் ஒன்றுசேரும். ஏத்தங்காய் உப்பேரிக்கும் வெல்லம் பூசிய சர்க்கரை வரட்டிக்கும் நிறைய எண்ணெய் வேண்டும். ஐந்து பேருக்காக ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிவிட்டு மீதியை என்ன செய்வது என்று விழிப்பதைவிட, அன்றாடம் அதே வேலையைச் செய்பவரிடம் கால் கிலோ வாங்குவது எல்லா வகையிலும் மேல். போளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேறு சில உணவுகள் மொத்தமாகச் செய்யும்போதே கெடத் தொடங்குகின்றன. அவியல்தான் முதல் பலி. அடுப்பை அணைத்த பிறகும் பெரிய சருவத்தில் உள்ள சூடு நெடுநேரம் தணிவதில்லை. அதனால் முருங்கைக்காயும் வழுதலங்காயும் (கத்தரிக்காய்) தாமாகவே வெந்துகொண்டே இருக்கும். கை தேர்ந்த தவசிப்பிள்ளை அதைக் கணக்கிட்டுக் காயை அரை வேக்காட்டிலேயே இறக்கி, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் தூவிப் பரத்தி வைப்பார். கல்யாணப் பந்தி அடுத்த மணி நேரத்தில் தொடங்கிவிடும் என்பதால் அது செல்லும். ஆனால் டப்பாவில் அடைத்து மூடி, ஊர் சுற்றி நான்கு மணி நேரம் கழித்து வரும் அவியலை எவராலும் காப்பாற்ற முடியாது. தேங்காய் போட்ட பொரியலான துவரன் தன் ஆவியிலேயே நனைந்து பொலபொலப்பை இழக்கும். தடியங்காயும் பெரும்பயறும் சேர்ந்த ஓலனில் தேங்காய்ப்பால் பிரிந்து நிற்கும். பப்படம் தளர்ந்துவிடும்.

ஓர் இலைக்கு 600 ரூபாயில் 24 வகை என்றால், நல்ல தேங்காய் எண்ணெயும் பிழிந்த தேங்காய்ப்பாலும் எல்லாவற்றிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவியலின் மேல் ஊற்றும் எண்ணெய் மட்டும் தேங்காய் எண்ணெயாகவும் மற்றவை பாமாயிலாகவும் இருக்க வாய்ப்புண்டு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த விலைக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும். வகைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, பொருளைக் கூட்டித் தரும்படி கேட்டால் பலர் ஒப்புக்கொள்வார்கள். கேட்பவர்கள்தான் இல்லை.

ஆகவே வடசேரி அக்காவுக்கு என் யோசனை இதுதான்: முழு இலையை வாங்காதீர்கள். பிரதமன், போளி, உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிக்கறி, ஊறுகாய்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பணம் கொடுங்கள். அந்தப் பணம் வீணாகாது. சோறு, பருப்பு, அவியல், துவரன், பப்படம் ஆகியவற்றை வீட்டில் செய்யுங்கள்.

பாக்டீரியா பாடம்:

உணவு நுண்ணுயிரியல் படித்தவள் என்ற முறையில் ஆக்குப்புரை அண்ணன் எழுதியதோடு கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கிறது. திருவோணத்தன்று ஒரே நேரத்தில் எல்லாருக்கும் உணவு போய்ச் சேர வேண்டும் என்பதால், சமையல் நள்ளிரவில் தொடங்கி விடியுமுன் முடிகிறது. டப்பாக்கள் காலையில் கிளம்புகின்றன. உண்பவர்கள் ஒரு மணிக்கு மேல் உட்காருகிறார்கள். சமைத்த உணவைச் சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிர வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழும் வைக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் பாக்டீரியா தீங்கு தரும் அளவுக்குப் பெருகக்கூடும். மூடிய டப்பாவில் வெதுவெதுப்பாக இருப்பதைப் பார்த்து ‘இன்னும் சூடாக இருக்கிறது’ என்று மகிழ்வது தவறு; அந்த வெதுவெதுப்புதான் அவற்றுக்கு மிகவும் உகந்தது.

சோறு குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் கொதியிலும் சாவதில்லை. சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். மறுபடி சுடவைத்தால் பாக்டீரியா அழியலாம். ஏற்கனவே சுரந்த அந்த நச்சு அழியாது. தயிரும் பச்சைத் தேங்காய் அரைப்பும் சேர்ந்த கிச்சடி, பச்சடி வகைகளையோ சுடவைக்கவே முடியாது, திரிந்துவிடும்.

மாறாக, உப்பேரியில் நீர் இல்லை. சர்க்கரை வரட்டியில் உள்ள சிறிதளவு ஈரத்தையும் வெல்லம் கட்டி வைத்திருக்கிறது. இஞ்சிக்கறியில் புளியின் அமிலமும் வெல்லமும் சேர்ந்து காக்கின்றன. அண்ணன் ருசியை வைத்துப் பிரித்த பட்டியலும் நான் பாதுகாப்பை வைத்துப் பிரிக்கும் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. பிரதமன் மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அது வாங்கத் தகுந்தது, ஆனால் தேங்காய்ப்பால் சேர்ந்தது என்பதால் காலையிலேயே வாங்கி மேசைமேல் வைத்திருக்கக் கூடாது. வந்தவுடன் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும் நேரத்தில் சிறு தீயில் நன்றாகச் சுடவைக்கலாம்; தலைப்பால் சற்றுப் பிரிந்தாலும் கிண்டிவிட்டால் உண்ணத் தகுந்ததாகவே இருக்கும்.

யாரிடம் வாங்கினாலும், உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை மணிக்குச் சமைத்து எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்பவரிடம் நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கலாம்.

பார்வதிபுரம்:

இருவரும் சொன்ன பிரிவினை படிக்க நன்றாக இருக்கிறது; ஆனால் சமைப்பவரின் களைப்பை அது குறைக்காது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உப்பேரியும் இஞ்சிக்கறியும் இரண்டு மூன்று நாள் முன்பே ஆற அமரச் செய்து வைக்கக்கூடியவை. திருவோணத்தன்று காலையில் உயிரை வாங்குவது அவியலும் துவரனும் கிச்சடியும் எரிசேரியும்தான்: ஒவ்வொன்றுக்கும் வேறு காய், வேறு வெட்டு, வேறு அரைப்பு, வேறு பாத்திரம். அவற்றை வீட்டுக்கு விட்டுவிட்டு, முன்கூட்டிச் செய்யக்கூடியவற்றைக் காசு கொடுத்து வாங்கினால், பணமும் போகும், அன்றைய ஓய்வும் கிடைக்காது. வாங்குவதன் நோக்கமே ஓய்வு என்றால் முழு இலையை வாங்குவதுதான் சரி. ருசியில் கொஞ்சம் குறைந்தாலும் மாமியாரும் மருமகளும் மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்கார முடிகிறதே, அதற்கு விலை இல்லையா? எங்கள் அம்மா எல்லாருக்கும் விளம்பி (பரிமாறி) முடித்துக் கடைசியில் தனியாக உட்காருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வீட்டில் முழு இலையாக வாங்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் எங்களோடு சேர்ந்து உண்கிறார்கள். அவியல் குழைந்திருந்தது என்று அன்று யாரும் குறை சொல்லவில்லை.

கோட்டாறு ஆச்சி:

மக்களே, நீங்கள் எல்லாரும் 24, 26 என்று எண்ணிக்கொண்டே பேசுகிறீர்கள். அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது கல்யாணப் பந்திக்கும் கோயில் விருந்துக்கும் உரியது. கேரளத்து ஆறன்முளையில் பள்ளியோடம் என்னும் நீண்ட படகைத் துடுப்புப் போட்டு ஓட்டி வருகிறவர்களுக்கு விளம்பும் வள்ளசத்யை விருந்தில் அறுபதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அது ஒரு கோயிலும் ஊரும் சேர்ந்து நடத்துகிற காரியம். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் ஊட்டுப்புரையைப் பாருங்கள், அத்தனை நீளமான கூடத்தில் அன்னம் விளம்பியவர்களுக்கு வகைகள் கூடினால் பாரமில்லை. அந்த அளவை நான்கைந்து பேர் உள்ள ஃபிளாட்டின் அடுக்களைக்குள் கொண்டுவந்தால் பாரமாகத்தான் இருக்கும்.

எங்கள் காலத்தில் திருவோணத்துக்கு வீட்டில் பருப்பும் பப்படமும், சாம்பார், புளிசேரி (மோர்க்குழம்பு), ரசம், ஓர் அவியல், ஒரு துவரன், ஓர் எரிசேரி, இஞ்சிக்கறி, நார்த்தங்காய், உப்பேரி, ஒரு பாயசம், மட்டிப்பழம் அல்லது ரசகதலி, அவ்வளவுதான். அதில் குறை கண்டவர் யாருமில்லை. மீதமானால் மறுநாள் அவியலும் சாம்பாரும் சேர்த்துப் பழங்கறியாகச் சுண்ட வைப்போம். 24 கிண்ணங்களில் வருவதில் பாதியைத் தொடக்கூட முடியாமல் கொட்டுகிறார்கள் என்பதை என் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கிறேன். கொட்டுகிற உணவுக்கும் சேர்த்துத்தான் அந்த 600 ரூபாய். மருமகளே, வகைகளைக் குறைத்துவிட்டுப் பிறகு கணக்குப் போட்டுப் பார்.

தி.நகர் தனியறை:

நான் தனியாக அறை எடுத்து வசிப்பவன் என்பதால் சமைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. பார்சலாக வாங்கியும் உணவகத்தில் அமர்ந்தும் உண்டு பார்த்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். பார்சல் இலையில் பிரதமன் ஒரு சிறு கிண்ணம், அவியல் இரண்டு கரண்டி, அதோடு முடிந்தது. உணவகத்தில் அமர்ந்து உண்டால் விலை கூடுதலாக இருந்தாலும், சோறு சூடாக வரும், பப்படம் நொறுங்கும், அவியலும் பிரதமனும் மறுமுறை கேட்டால் விளம்புவார்கள். ஓரிருவர் மட்டுமே உள்ள வீடுகள் பார்சலை விட்டுவிட்டு, முன்பதிவு செய்து நேரில் போய் உண்பது கொடுத்த பணத்துக்குத் தகும். முதல் பந்திக்குப் போக வேண்டும். இரண்டரை மணிக்குப் போனால் பாதி வகைகள் தீர்ந்திருக்கும்.

மணிமேடை:

தம்பி சொன்னதோடு இன்னொன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆனாலும் கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர்கள் தூக்குவாளியும் டிபன் கேரியரும் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வடசேரி மருமகள்:

அனைவருக்கும் நன்றி. மாமியாரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஆச்சி எழுதிய பட்டியலைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது. அவர்கள் பிறந்த வீட்டுத் திருவோணமும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்ததாம்.

எங்கள் முடிவு இது. அடைப் பிரதமன் ஒரு லிட்டர், போளி பத்து, உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் கால் கிலோ வீதம், இஞ்சிக்கறி ஒரு சிறு புட்டி ஆகியவற்றை வாங்குகிறோம். விசாரித்ததில் 1,200 ரூபாய்க்குள் அடங்கும். வீட்டில் சோறு, பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம், அவியல், முட்டைக்கோஸ் துவரன், மத்தன் (பரங்கிக்காய்) எரிசேரி, பப்படம். இதற்கு 900 ரூபாய் வரை ஆகும் என்று வைத்தால் மொத்தம் 2,100 ரூபாய், அதாவது எல்லாவற்றையும் வீட்டில் செய்வதற்கு ஆகும் பணத்தைவிட 100 ரூபாய்தான் கூடுதல். பார்வதிபுரம் அக்கா சொன்ன காலை நேரத்துப் பாரம் உண்மையானது என்பதால், முந்தின இரவே காய்களை நறுக்கி வைப்பதும், தேங்காய் துருவுவதும், அன்று இலை போட்டு விளம்புவதும் என் கணவருக்கும் மகனுக்கும் உரிய வேலை என்று பேசி முடித்துவிட்டோம். எல்லாவற்றையும் நடுவில் வைத்துக்கொண்டு ஐந்து பேரும் ஒன்றாக உட்காருவது என்பதும் முடிவில் அடக்கம்.

ஓர் ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. பிரதமனை உத்திராடத்தன்று மாலையே வாங்கிக் குளிர்பெட்டியில் வைக்கலாமா, அல்லது திருவோணத்தன்று காலையில்தான் வாங்க வேண்டுமா?

ஆக்குப்புரை:

திருவோணத்தன்று காலை பதினொரு மணிக்கு மேல் போய் நீங்களே வாங்கி வாருங்கள், அக்கா. உத்திராடத்தன்று கிடைப்பது பெரும்பாலும் தலைப்பால் சேர்த்து ஆறிய பிரதமன். இரவு முழுவதும் குளிரில் இருந்தால் அடை விறைத்துவிடும், வெல்லமும் தேங்காய்ப்பாலும் தனித்தனியாக நிற்கும். நேரில் போனால் வார்ப்பிலிருந்து கோரித் தருவதைப் பார்க்கலாம். எவர்சில்வர் தூக்குவாளியில் வாங்குங்கள், மூடியைச் சற்றுத் திறந்து வைத்தே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஆவி நீராகச் சொட்டி நீர்த்துவிடும். போளியை மட்டும் முந்தின நாளே வாங்கலாம்; அன்று காலையில் கடைக்குப் போனால் தீர்ந்துபோயிருக்கும்.